எல்லாருக்கும் ஒரே குறுக்குவழி

கைபேசி காட்டிய குறுக்குவழியை நம்பி நெடுஞ்சாலையை விட்டு விலகிக் குறுகலான தெருவொன்றில் வண்டியைத் திருப்பிய ஒருவர், தமக்கு முன்பாகவே பல வண்டிகள் அதே ஆலோசனையைக் கேட்டு வந்து அசையாமல் நிற்பதைக் கண்டு திகைப்பது இக்காலத்தில் எந்த நகரத்திலும் சகஜமான அனுபவம். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களின் உதவியால் வண்டி நிற்கும் ஸ்தானம் துல்லியமாக நிர்ணயமாகிறது. எந்தச் சாலையில் என்ன வேகம் என்ற செய்தி நிமிஷத்துக்கு நிமிஷம் வந்து சேர்கிறது. ஒரு விநாடிக்குள் கோடிக்கணக்கான கூட்டல் கழித்தல்களைச் செய்யவல்ல கணிப்பொறிகள் இதற்காகவே எங்கோ ஓயாமல் உழைக்கின்றன. இத்தனை வசதிகளும் இருந்தும், இந்த வண்டி இப்படிப் போகட்டும், அந்த வண்டி அப்படிப் போகட்டும் என்று பிரித்தனுப்ப மட்டும் ஏன் முடிவதில்லை?

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் இதற்கு விடை தேடிப் புறப்பட்டவர்கள் போக்குவரத்து இலாகாவோடு நின்றுவிடவில்லை. காந்தத்தின் உட்புறத்தையும், கொல்லன் உலையில் தணியும் இரும்பையும், கதிரியக்கம் காட்டும் அணுக்கருவையும் கடந்து, பிரபஞ்சத்தின் வெற்றுவெளியைவிடக் குளிர்ந்த ஒரு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் சற்று நிதானமாக நடந்து பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஒருவருக்கு எளிது, ஊருக்கு அரிது

ஒரே ஒரு வண்டிக்கு வழி சொல்வது கணிப்பொறிக்கு மிக எளிய வேலை. 1956ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் காப்பி அருந்த உட்கார்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற இளம் டச்சு விஞ்ஞானி, ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது என்று யோசித்து, காகிதமும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்த யுக்தியின் சந்ததிகளே இன்றும் நம் கைபேசிகளில் வழி காட்டுகின்றன. ஆயிரக்கணக்கான சந்திப்புகள் உள்ள வரைபடத்திலும் அந்த யுக்தி தடுமாறுவதில்லை.

கஷ்டம் இரண்டாவது வண்டி வந்தவுடன் ஆரம்பிக்கிறது. நான் தேர்ந்தெடுக்கும் சாலையில் உம்முடைய வேகம் குறைகிறது. நீர் தேர்ந்தெடுக்கும் சாலையைப் பொறுத்து எனக்கு உகந்த வழி மாறுகிறது. நம் இருவரையும் பார்த்து மூன்றாமவர் தம் வழியை மாற்றினால், நாம் இருவரும் மீண்டும் யோசிக்க வேண்டியவர்களாகிறோம். தனித்தனியே ஒவ்வொருவருக்கும் சிறந்த வழியைச் சொல்லிவிட்டால் ஊர் முழுவதற்கும் சிறந்த ஏற்பாடு தானாக அமைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. நம் கைபேசிகள் பெரும்பாலும் அந்த எண்ணத்தின்படியே நடப்பதால்தான் குறுகிய தெரு அடைபடுகிறது. எல்லாருடைய வழிகளையும் ஒருசேர நிர்ணயித்தால் ஒழிய இந்தச் சிக்கல் தீராது. ஒருசேர நிர்ணயிப்பதோ, எண்ணிக்கையின் பிரளயத்தில் கால் வைப்பதாகும்.

418 டாக்ஸிகள்

சீனத் தலைநகரான பெய்ஜிங்கில் 2008ஆம் ஆண்டு ஒரு வார காலம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்ஸிகள் எங்கெங்கே எப்போது சென்றன என்ற விவரம் சேகரிக்கப்பட்டு, ஆராய்ச்சியாளர் எல்லாருக்கும் கிடைக்கும்படி வெளியிடப்பட்டது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனியைச் சேர்ந்த விஞ்ஞானிகளும், கனடாவின் டி-வேவ் கம்பெனியைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் 2017இல் அந்தக் குவியலிலிருந்து, நகர மையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே ஓடிய 418 டாக்ஸிகளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு டாக்ஸிக்கும் மூன்று வழிகள் சாத்தியம் என்று வைத்துக்கொண்டார்கள். எந்தச் சாலையிலும் நெரிசல் மிகாதபடி யார் எந்த வழியில் போவது? இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வினா.

மூன்று வழிகள் என்பது அற்பமாகத் தோன்றலாம். முதல் டாக்ஸிக்கு மூன்று, இரண்டாவதையும் சேர்த்தால் ஒன்பது, மூன்றாவதோடு இருபத்தேழு என்று மும்மடங்காகப் பெருகிக்கொண்டே போய், 418ஆவது டாக்ஸியில் நிற்கும்போது மொத்த ஏற்பாடுகளின் எண்ணிக்கை 200 இலக்கங்கள் கொண்ட ஒரு எண்ணாகிவிடுகிறது. நம் கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் எட்டும் பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 80 இலக்கங்களில் அடங்கிவிடும் என்பர். ஒவ்வோர் ஏற்பாடாக எடுத்துச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ஆயினும் எண்ணிக்கை பெரிது என்பதனாலேயே வினா தீராதது என்று முடிவு கட்டுவது தவறு. பல ஊர்களுக்குப் போய்த் திரும்ப வேண்டிய ஒரு வியாபாரி எந்த வரிசையில் போனால் மொத்தத் தூரம் மிகக் குறையும் என்ற புகழ்பெற்ற வினாவில், 1954ஆம் ஆண்டிலேயே டான்ட்ஸிக், புல்கர்சன், ஜான்சன் என்ற மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு உரிய மிகச் சிறந்த வரிசையைக் கண்டு, அதைவிடச் சிறந்தது இல்லை என்று நிரூபித்தும் காட்டினார்கள். இதே வினா 2006இல் 85,900 ஸ்தானங்கள் கொண்ட உதாரணம் வரை தீர்க்கப்பட்டுவிட்டது. சோதிக்காமலே கோடானுகோடி வழிகளை ஒரே வெட்டில் ஒதுக்கித் தள்ளும் கணித சாமர்த்தியமே அதற்குக் காரணம். குவாண்டம் யந்திரங்களின் பெருமையைப் பேசுவோர் இந்தச் சாதனையைச் சொல்லாமல் விட்டுவிடுவது சரியாகாது.

ஒரு பரவலான தவறு

குவாண்டம் கணிப்பொறி எல்லா வழிகளையும் ஒரே சமயத்தில் சோதித்து, சிறந்ததைப் பொறுக்கி எடுத்துத் தந்துவிடும் என்ற அபிப்பிராயம் பத்திரிகைகளில் அடிக்கடி தென்படுகிறது. சொல்வதற்கு இனிமையாக இருக்கும் இக்கூற்று பாதி உண்மை. மீதிப் பாதியோ கற்பனை.

சாதாரணக் கணிப்பொறியின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுவிட்சும் ஒரு சமயத்தில் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கும். குவாண்டம் பௌதிகத்தின் விதிகளுக்கு உட்பட்ட நுண்ணிய சுவிட்சோ, இரண்டும் கலந்த ஒரு நிலையிலும் இருக்க வல்லது. இத்தகைய சுவிட்சை கியூபிட் என்றும், அதன் அந்த நிலையைக் கலப்பு நிலை என்றும் குறிப்போம். ஆயிரம் கியூபிட்டுகளைச் சேர்த்து வைத்தால் ஆயிரம் சுவிட்சுகளின் எல்லா நிலைகளும் கலந்த ஒரு கலப்பு நிலையை உண்டாக்க முடியும் என்பது உண்மை. ஆனால் விடை என்ன என்று நாம் யந்திரத்தைப் படிக்கப் போகும் கணத்தில் அந்தக் கலப்பு நிலை கலைந்து, ஒரே ஒரு ஏற்பாடுதான் கையில் வந்து விழும். முன்னேற்பாடு ஏதும் இல்லாவிட்டால் அது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏற்பாட்டைவிட எவ்விதத்திலும் உயர்ந்ததாக இராது.

படிக்கும்போது நல்ல விடை வந்து விழும் வாய்ப்பு மிகும்படி அந்தக் கலப்பு நிலையை முன்கூட்டியே பக்குவப்படுத்துவதில்தான் கலையெல்லாம் அடங்கியிருக்கிறது. லவ் குரோவர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி 1996இல் வகுத்த தேடும் முறை இவ்வகையில் தலைசிறந்தது. ஒரு கோடி இடங்களில் தேட வேண்டிய பொருளை ஏறத்தாழ மூவாயிரம் படிகளில் அது கண்டுபிடித்துவிடும். ஆனால் நம் டாக்ஸிகளின் 200 இலக்க எண்ணை அது 100 இலக்க எண்ணாகத்தான் குறைக்கும். அதுவும் பிரபஞ்சத்தின் அணுக்களை எண்ணுவதைவிடப் பெரிய வேலை. ஆகவே டாக்ஸி வினாவை எடுத்துக்கொண்டவர்கள் முற்றிலும் வேறான ஒரு வழியில் சென்றார்கள். வினாவைக் கணக்காகப் போடாமல், அதை ஒரு ஜடப்பொருளின் சுபாவமாக மாற்றி எழுதிவிடுவதே அவ்வழி.

வினாவைச் சக்தியாக எழுதுதல்

மேட்டில் வைத்த பந்து பள்ளத்தை நோக்கி உருளுகிறது. சூடான பாத்திரம் ஆறுகிறது. காந்த ஊசி வடக்கு நோக்கித் திரும்பி நிற்கிறது. பொருள்கள் யாவும் தம் சக்தியைக் குறைத்துக்கொண்டு அமைதி காணவே விழைகின்றன. நம் வினாவை எழுதும் விதத்தில் எழுதி, எந்த ஏற்பாட்டில் நெரிசல் குறைவோ அந்த ஏற்பாட்டிலேயே சக்தியும் குறைவாக இருக்கும்படி ஒரு பொருளைச் சமைத்துவிட்டால், அந்தப் பொருள் அமைதி காணும் நிலையே நமக்கு விடையாகிவிடும் அன்றோ?

அப்படிப்பட்ட பொருளுக்கு மாதிரி வெகு காலத்துக்கு முன்பே தயாராக இருந்தது. காந்தம் என்பது மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ நிற்கும் எண்ணற்ற நுண்ணிய காந்தங்களின் கூட்டம் என்றும், ஒவ்வொன்றும் தன் அண்டை அயலின் திசையால் பாதிக்கப்படுகிறது என்றும் 1920இல் விஞ்ஞானி வில்ஹெல்ம் லென்ஸ் ஒரு கருத்தை முன்வைத்து, அதைத் தம் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் ஆராயக் கொடுத்தார். ஒரே வரிசையாக நிற்கும் காந்தங்களை மட்டும் ஆராய்ந்த ஐசிங், அவை கூட்டாக ஒரு திசையில் அணிவகுப்பதில்லை என்று கண்டு, 1925இல் அதை வெளியிட்டார். ஏமாற்றம் போலத் தோன்றிய அந்தச் சிறு ஆராய்ச்சி அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கப் போகிறது என்பதை அவர் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை. இரண்டில் ஒரு நிலை, அண்டை அயலோடு ஈர்ப்போ பிணக்கோ கொண்ட உறவு: இவ்வளவே அந்த மாதிரி. ஆனால் டாக்ஸிகளையும் பஸ்களையும் நர்ஸுகளின் பணி அட்டவணையையும் அதற்குள் எழுதிவிட முடியும் என்பதே விந்தை.

எழுதும் விதத்தைக் கையால் செய்து பார்த்துவிடுவோம். 418 டாக்ஸிகளுக்குப் பதிலாக மூன்றே வண்டிகள் இருக்கட்டும். விமான நிலையத்துக்குப் போக வடக்குச் சாலை, கிழக்குச் சாலை என்று இரண்டே வழிகள் இருக்கட்டும். ஒவ்வொரு வண்டிக்கும், சாலைக்கு ஒன்றாக இரண்டு சுவிட்சுகள் வைப்போம். மொத்தம் ஆறு சுவிட்சுகள். முதல் வண்டியின் வடக்குச் சுவிட்சு எரிந்தால் அது வடக்குச் சாலையில் போகிறது என்று பொருள்.

நெரிசலை எப்படி அளப்பது? ஒவ்வொரு சாலையிலும் எத்தனை வண்டிகள் என்று எண்ணி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, இரு சாலைகளின் தொகையையும் கூட்டிக்கொள்வோம். மூன்று வண்டிகளும் வடக்கில் போனால் மும்மூன்று ஒன்பது, கிழக்கில் ஒன்றுமில்லை. ஆகச் சக்தி 9. இரண்டு வடக்கிலும் ஒன்று கிழக்கிலும் போனால் நான்கும் ஒன்றுமாக 5. வெறுமனே வண்டிகளை எண்ணிக் கூட்டியிருந்தால் இரண்டு ஏற்பாட்டுக்கும் மூன்று என்றே வந்திருக்கும். எண்ணை அதனாலேயே பெருக்கியதால், கூட்டம் சேரச் சேரச் சக்தி விரைந்து ஏறுகிறது, பிரிந்து போவது லாபமாகிறது.

இப்போது சுவிட்சுகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு சுவிட்சுகளும் அணைந்துவிடும். சக்தி பூஜ்யம். நெரிசல் அறவே இல்லை, ஏனெனில் எவரும் வீட்டை விட்டே புறப்படவில்லை. ஜடப்பொருளுக்கு நம் உத்தேசம் தெரியாது. நாம் எழுதியது மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே ஒரு சுவிட்சுதான் எரிய வேண்டும் என்ற நிபந்தனையையும் சக்தியாகவே எழுத வேண்டும். ஒரு வண்டியின் இரண்டு சுவிட்சுகளும் அணைந்திருந்தாலோ இரண்டும் எரிந்தாலோ அதற்கு ஒரு தண்டம் விதிப்போம்.

எவ்வளவு தண்டம்? இரண்டு என்று வைத்தால், இரு வண்டிகள் ஆளுக்கொரு சாலையில் போக, மூன்றாவது வண்டி வீட்டிலேயே நின்றுவிடும்: நெரிசல் ஒன்றும் ஒன்றும் இரண்டு, தண்டம் இரண்டு, ஆக 4. எல்லாரும் ஒழுங்காகப் புறப்பட்டபோது வந்த ஐந்தைவிட இது குறைவு. யந்திரம் ஒரு பிரயாணியைக் கைவிட்டுவிட்டு அதுவே சிறந்த விடை என்று சொல்லும். தண்டம் மூன்றுக்கு மேல் போனால்தான் அந்தப் பிரயாணிக்கு நியாயம் கிடைக்கும். பத்து என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். ஆயிரம், பதினாயிரம் என்று வைத்துவிட்டால் இன்னும் பத்திரம் என்று தோன்றும்; அது ஏன் கூடாது என்பது சற்றுப் பொறுத்து விளங்கும்.

பெய்ஜிங் வினாவும் இவ்வாறே எழுதப்பட்டது. 418 வண்டிகளுக்கு மும்மூன்று வழிகளாக 1,254 சுவிட்சுகள்; சாலைகளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒன்றுசேரும் வண்டிகளின் எண்ணை அதனாலேயே பெருக்கிய தொகை; வண்டிக்கு ஒரு வழி என்ற நிபந்தனையை மீறினால் தண்டம். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பணி நேரம் ஒதுக்குவதும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். இந்த நர்ஸ், இந்த நாள், இந்த ஷிப்ட் என்பது ஒரு சுவிட்சு. இரவு ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலை ஷிப்டுக்கு அழைத்தால், அந்த இரு சுவிட்சுகளும் சேர்ந்து எரிவதற்கு ஒரு தண்டம். பள்ளியின் கால அட்டவணையும், ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் நிற்பது என்ற ஏற்பாடும் இப்படியே எழுதத் தக்கவை.

பொய்ப்பள்ளம்

நம் மூன்று வண்டிகளும் தற்செயலாக வடக்குச் சாலையில் கூடிவிட்டன என்று கொள்வோம். சக்தி 9. ஒரு வண்டியைக் கிழக்கே திருப்பினால் 5 ஆகிவிடும். ஆனால் சுவிட்சுகள் ஒவ்வொன்றாகவே மாறக் கூடியவை. மூன்றாவது வண்டியின் வடக்குச் சுவிட்சை அணைத்தவுடன், நெரிசல் நான்காகக் குறைந்தாலும், வண்டி எங்கும் போகாமல் நிற்பதற்கான தண்டம் பத்து சேர்ந்து சக்தி 14 ஆகிவிடுகிறது. கிழக்குச் சுவிட்சை முதலில் ஏற்றினாலோ 20. எந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தாலும் ஏற்றமாகவே இருப்பதால், கீழே போவதை மட்டுமே அறிந்த ஒரு பொருள் ஒன்பதிலேயே நின்று, தான் அடியை அடைந்துவிட்டதாக இருந்துவிடும். சுற்றிலும் மேடு சூழ்ந்த, ஆனால் மெய்யான அடித்தளம் அல்லாத இத்தகைய இடத்தைப் பொய்ப்பள்ளம் என்று அழைப்போம். மூன்று வண்டிகளிலேயே இது தோன்றுமானால், 418 வண்டிகள் கொண்ட நிலப்பரப்பில் எத்தனை பொய்ப்பள்ளங்கள் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இயற்கையும் இவ்விடத்தில் தடுமாறுகிறது. ஈர்ப்பும் பிணக்கும் தாறுமாறாகக் கலந்த சில உலோகக் கலவைகளில் நுண்காந்தங்கள் எந்த ஒழுங்கிலும் அமைய முடியாமல், மிகத் தாழ்ந்த சக்தியை எட்டாமலே உறைந்து நின்றுவிடுவதைப் பௌதிக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அவற்றின் மிகத் தாழ்ந்த நிலையைக் கணக்கிடுவது, கணித உலகம் அறிந்த மிகக் கடினமான வினாக்களின் வரிசையில் வைக்கத் தக்கது என்று 1982இல் பிரான்சிஸ்கோ பராஹோனா நிறுவினார்.

கொல்லர்கள் இதற்கு ஒரு பரிகாரத்தைப் பரம்பரையாக அறிந்திருக்கிறார்கள். அடித்து அடித்து உள்ளே இறுக்கம் ஏறிய இரும்பை மீண்டும் பழுக்கக் காய்ச்சி, மெல்ல மெல்ல ஆறவிட்டால், உஷ்ணத்தினால் அலையும் அணுக்கள் தவறான இடங்களை விட்டுக் கிளம்பி, உரிய இடங்களைத் தேடி அமர்கின்றன. இரும்பு மென்மையும் பதமும் பெறுகிறது. ஐபிஎம் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்காட் கர்க்பாட்ரிக்கும் அவருடைய துணைவர் இருவரும் 1983இல் இதையே கணிப்பொறிக்குள் கொண்டுவந்தார்கள். யந்திரம் எப்போதும் கீழேயே இறங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், ஆரம்பத்தில் தாராளமாகவும் போகப் போகச் சிக்கனமாகவும், மேலேறுவதற்கும் அனுமதி தரும் இந்த முறையைத் தணிப்பு முறை என்போம். ஒன்பதில் நிற்கும் நம் ஏற்பாட்டுக்கு, பதினான்கு வரை ஏறிக் கடந்து ஐந்தில் இறங்க இம்முறையில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

ஆனால் உஷ்ணம் சுவரின் உயரத்துக்கு அஞ்சும். தண்டத்தைப் பத்துக்குப் பதிலாகப் பதினாயிரம் என்று வைத்திருந்தால், ஒரு வண்டியைத் திருப்ப ஏற வேண்டிய உயரமும் அவ்வளவாகி, ஏறும் வாய்ப்பு அனேகமாக அற்றுப்போயிருக்கும்.

சுவரை ஊடுருவுதல்

இவ்விடத்தில்தான் குவாண்டம் பௌதிகம் பிரவேசிக்கிறது. யுரேனியம் போன்ற தனிமங்களின் அணுக்கருவிலிருந்து ஆல்பாத் துகள்கள் வெளிப்படுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் புதிராக இருந்தது. அணுக்கருவைச் சூழ்ந்துள்ள சக்திச் சுவரைத் தாண்ட அத்துகள்களுக்குப் போதிய சக்தி கிடையாது. இருந்தும் அவை வெளியே வந்துகொண்டிருந்தன. அவை சுவரின் மேலே ஏறுவதில்லை, அதன் ஊடாகவே சென்றுவிடுகின்றன என்று 1928இல் ஜார்ஜ் காமாவ் விளக்கினார். குவாண்டம் விதிகளின்படி ஒரு துகளின் இருப்பு சுவரின் உட்புறத்திலும் சிறிது பரவியிருக்கிறது. சுவர் மெல்லியதாயின் அப்பரவல் மறுபக்கத்தையும் எட்டிவிடும். இதை ஊடுருவல் என்போம்.

சுவரின் உயரம் ஊடுருவலையும் தடுக்கத்தான் செய்யும். ஆனால் உஷ்ணத்தைத் தடுக்கும் அளவுக்கு அல்ல. ஊடுருவலுக்குப் பெரும் பகை சுவரின் தடிப்பு. உயர்ந்து மெலிந்த சுவரை உஷ்ணத்தால் கடப்பது அரிது, ஊடுருவலால் கடப்பது எளிது. தாழ்ந்து தடித்த சுவருக்கு இது நேர்மாறு. நம் உதாரணத்தில் ஒரு வண்டியைத் திருப்ப இரண்டே சுவிட்சுகள் சேர்ந்து மாறினால் போதும் என்பதால், அந்தச் சுவர் மெல்லியது. முந்நூறு வண்டிகள் ஒருசேர வழி மாறினால்தான் மேலான ஏற்பாடு கிட்டும் என்ற நிலை வந்தால் அது தடித்த சுவர்.

தாறுமாறான காந்தங்களில் ஊடுருவல், பொய்ப்பள்ளங்களிலிருந்து தப்பிக்க உதவக்கூடும் என்ற கருத்தைக் கல்கத்தாவின் சாஹா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிகாஸ் சக்கரவர்த்தியும் அவருடைய இணையாசிரியர்களும் 1989லேயே வெளியிட்டார்கள் என்பதை இங்கே பெருமிதத்தோடு குறிப்பிட விரும்புகிறேன். இத்துறையின் வரலாறு எழுதப்படும்போது இந்தச் செய்தி உரிய இடத்தைப் பெறுவதில்லை. 1998இல் டோக்கியோவின் கடோவாகியும் நிஷிமோரியும் இதை ஒரு தெளிவான செயல்முறையாக வகுத்தார்கள். அதுவே குவாண்டம் தணிப்பு.

அதன் கிரமம் இவ்வாறு: முதலில் நம் வினாவை முற்றிலும் மறைத்துவிட்டு, ஒவ்வொரு கியூபிட்டும் இரண்டும் சமமாகக் கலந்த நிலையில் அமைதி காணும்படி ஒரு குறுக்குக் காந்தப் புலத்தால் அவற்றை ஆட்படுத்துகிறோம். பிறகு அந்தப் புலத்தை மெல்லக் குறைத்து, நெரிசலும் தண்டமும் சேர்ந்த நம் சக்தியை மெல்ல ஏற்றுகிறோம். உலையில் உஷ்ணம் தணிவது போல இங்கே குவாண்டம் சலனம் தணிகிறது. போதிய நிதானத்தோடு மாற்றினால், மிகத் தாழ்ந்த நிலையில் ஆரம்பித்த அமைப்பு மிகத் தாழ்ந்த நிலையிலேயே முடியும் என்பது மாக்ஸ் பார்னும் விளாதிமீர் பாக்கும் 1928இல் நிரூபித்த ஒரு தேற்றம். அந்தத் தேற்றத்தில் எல்லாச் சூட்சுமமும் 'போதிய நிதானம்' என்ற சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மாற்றத்தின் இடையில், மிகத் தாழ்ந்த நிலையும் அதற்கு அடுத்த நிலையும் ஒன்றையொன்று மிக நெருங்கும் ஒரு கட்டம் வரும். அந்த நெருக்கம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு நிதானமாகச் செல்ல வேண்டும். கடினமான வினாக்களில் அது நம் ஆயுளுக்கு எட்டாத நிதானமாகவும் இருக்கலாம்.

குளிர்ந்த பெட்டிக்குள்

கனடாவின் பர்னபி நகரத்தில் இயங்கும் டி-வேவ் கம்பெனி 2011ஆம் ஆண்டு முதல் இத்தகைய யந்திரங்களை விற்பனை செய்து வருகிறது. அதன் கியூபிட் என்பது நியோபியம் என்ற உலோகத்தாலான நுண்ணிய வளையம். தனிப்பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரியில் நூற்றில் ஒன்றரைப் பங்கு என்ற அளவுக்கு, அதாவது விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெற்றுவெளியைவிட ஏறத்தாழ 180 மடங்கு அதிகமாகக் குளிரூட்டும்போது, அந்த வளையத்தில் மின்னோட்டம் தடையின்றி ஓடுகிறது. வலமாக ஓடினால் ஒன்று, இடமாக ஓடினால் பூஜ்யம். இரண்டும் கலந்தும் ஓடலாம். ஒரு தணிப்பு வழக்கமாக ஒரு விநாடியில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். ஒரே முறை ஓட்டி வந்த விடையை எவரும் நம்புவதில்லை. ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டி, வந்த விடைகளில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே இரண்டு இடையூறுகள் குறுக்கிடுகின்றன. முதலாவது, பெய்ஜிங் பரிசோதனைக் காலத்து யந்திரத்தில் ஒரு கியூபிட் மற்ற ஆறு கியூபிட்டுகளோடு மட்டுமே நேரடி உறவு கொள்ள முடியும். ஒரு டாக்ஸியின் வழியோ நூற்றுக்கணக்கான பிற டாக்ஸிகளின் வழிகளோடு உறவுடையது. ஆகவே பல கியூபிட்டுகளைச் சங்கிலியாகப் பிணைத்து ஒரே சுவிட்சு போல நடக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆயிரம் கியூபிட்டுகள் இருந்தாலும் நமக்குக் கிடைக்கும் சுவிட்சுகள் வெகு சில. இரண்டாவது, தண்டத்தைப் பற்றி முன்னே நிறுத்திவைத்த விஷயம். யந்திரம் உண்டாக்கக் கூடிய காந்த பலங்களுக்கு உச்ச வரம்பு உண்டு. பதினாயிரம் என்ற தண்டத்தை அந்த வரம்புக்குள் சுருக்கினால், ஒன்பதுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே விகிதத்தில் சுருங்கி, யந்திரத்தின் இயல்பான பிசகுகளுக்குள் மூழ்கிப்போகும். தண்டம் குறைந்தால் பிரயாணி கைவிடப்படுவார். மிகுந்தால் நெரிசல் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் இத்துறையினர் தம் நேரத்தின் பெரும் பகுதியைச் செலவிடுகிறார்கள்.

1,254 சுவிட்சுகளும் ஒருசேர யந்திரத்துக்குள் நுழையாததால், சாதாரணக் கணிப்பொறி ஒன்று வினாவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் குவாண்டம் யந்திரத்துக்கு அனுப்பி, வந்த விடைகளைச் சேர்த்து மீண்டும் துண்டாக்கும் ஒரு கூட்டு முறையிலேயே பெய்ஜிங் கணக்கு முடிந்தது. வரைபடத்தில் நெரிசலைக் குறித்த சிவப்புச் சாலைகள் பெரிதும் மறைந்து, டாக்ஸிகள் பல சாலைகளில் பரவின. ஆயினும் அது என்றோ ஓடி முடிந்த வண்டிகளின் தரவைக் கொண்டு செய்த கணக்கு. அதனால் பெய்ஜிங்கில் எந்த ஓட்டுநரும் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. நிஜமான வண்டிகள் 2019 நவம்பரில் லிஸ்பன் நகரத்தில் ஓடின. அங்கே நடந்த ஒரு பெரிய மாநாட்டின்போது, காரிஸ் என்ற நகரப் பஸ் நிறுவனத்தின் ஒன்பது பஸ்களுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே போக்குவரத்து நிலைக்கேற்ப வழிகளை இந்த முறையில் கணக்கிட்டு அனுப்பினார்கள்.

மெல்லிய சுவர்களைத் தேடி

ஒன்பது பஸ்களுக்கு வழி சொல்லச் சாதாரணக் கணிப்பொறியே தாராளமாகப் போதும். எனவே, குவாண்டம் யந்திரம் உண்மையில் முந்துகிறதா என்று கேட்பது நியாயமே. 2014இல் விஞ்ஞானிகள் குழு ஒன்று, தாறுமாறாகப் பொறுக்கிய வினாக்களை டி-வேவ் யந்திரத்துக்கும் சாதாரணக் கணிப்பொறிக்கும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. வேகத்தில் உயர்வு இருப்பதற்கான அடையாளம் ஒன்றும் தென்படவில்லை. 2016இல் கூகுள் விஞ்ஞானிகள், உயர்ந்து மெலிந்த சுவர்கள் நிறைந்ததாகத் தாமே திட்டமிட்டு அமைத்த ஒரு வினாவில், சாதாரணத் தணிப்பு முறையைவிடப் பத்துக் கோடி மடங்கு வேகம் கண்டார்கள். செய்தித்தாள்கள் பத்துக் கோடியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டன. அந்த வினாவின் அமைப்பை உணர்ந்து செயல்படும் வேறு சில சாதாரணக் கணக்கு முறைகள் குவாண்டம் யந்திரத்துக்குச் சளைக்காமல் நின்றன என்பது அதே ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியிருந்தும் பலர் கண்ணில் படவில்லை.

இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று நான் கருதவில்லை. சுவர் மெலிந்த இடத்தில் ஊடுருவல் வெல்லும், தடித்த இடத்தில் தோற்கும் என்று காமாவ் காலம் முதல் நாம் அறிந்ததைத்தான் அவை உறுதி செய்கின்றன. நகரத்துச் சாலைகளும் ஆஸ்பத்திரி அட்டவணைகளும் எந்த விதமான சுவர்களை எழுப்புகின்றன என்பதே இன்றைய உண்மையான ஆராய்ச்சிப் பொருள். அதற்கு விடை ஊருக்கு ஊர், அட்டவணைக்கு அட்டவணை வேறுபடலாம்.

இதற்கிடையில், எதிர்பாராத ஒரு திசையிலிருந்து பலன் கிடைத்திருக்கிறது. ஜப்பானின் தோஷிபா கம்பெனியைச் சேர்ந்த ஹயாட்டோ கோட்டோ, ஊசலாடும் மின்சுற்றுகளைக் கொண்ட ஒரு குவாண்டம் யந்திரத்தைக் கருத்தளவில் வகுத்திருந்தார். அந்தச் சுற்றுகளின் இயக்கத்தை, குவாண்டம் தன்மையை நீக்கிவிட்டுச் சாதாரண இயக்க விதிகளாக எழுதி, சாதாரண சில்லுகளிலேயே ஓட்டிப் பார்த்தபோது, தணிப்பு முறையைவிட அது விரைந்து நல்ல விடைகளைத் தருவதைக் கண்டு 2019இல் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். தணிப்பு முறையில் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே மாற வேண்டும். கோட்டோவின் முறையில் எல்லாம் ஒரே சமயத்தில் அசையலாம், ஆகவே ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒருசேரச் செய்யும் இக்காலச் சில்லுகளுக்கு அது பொருந்தி வந்தது. புஜிட்சு, ஹிட்டாச்சி முதலிய கம்பெனிகளும் குளிர்ப்பெட்டி எதுவும் இல்லாமல், ஐசிங் மாதிரியையே நேராகத் தீர்க்கும் சில்லுகளைச் செய்திருக்கின்றன.

பஸ் டிப்போவில் அமர்ந்து வழி ஒதுக்கும் அதிகாரிக்கு வேண்டியதும் பெரும்பாலும் இப்படி விரைந்து வரும் நல்ல விடையே. மிகச் சிறந்த விடை நாளைக்கு வந்து அவருக்குப் பயனில்லை. நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவாக இருந்தாலும் அடுத்த சில விநாடிகளுக்குள் வர வேண்டும், ஏனெனில் அதற்குள் எங்கோ ஒரு லாரி பழுதாகி நின்று, கணக்கின் எண்கள் எல்லாம் மாறியிருக்கும். அவருடைய வினா ஐசிங்கின் காந்தமாக எழுதப்பட்டுவிட்டால், அதை பர்னபியின் குளிர்ந்த வளையத்திடமும் கொடுக்கலாம், கோட்டோவின் சில்லிடமும் கொடுக்கலாம், 1983ஆம் ஆண்டின் தணிப்பு முறையிடமும் கொடுக்கலாம். அன்றைய தினம் யார் முந்தி வருகிறாரோ அவருடைய விடையின்படி பஸ் புறப்படும்.